அப்பாவுக்கு ஏறிய ஐந்து கிலோ

சுகர் ஆஸ்பத்திரியில் பொய் சொல்லத் தெரியாதது எடை மிஷின் ஒன்றுதான். மற்ற எல்லோருக்கும் தெரியும், வைத்தியத்துக்கு வருகிறவர்களுக்கு ரொம்ப நன்றாகத் தெரியும்.

அந்த மிஷினுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டிருக்கும். அதில் உட்கார்ந்திருப்பது நான். போடி பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரத்தில் ஒரு டாக்டரம்மா நடத்துகிற சின்ன ஆஸ்பத்திரி. வருகிறவர்களை எடை பார்த்து, விரலில் குத்தி, நம்பரைச் சீட்டில் எழுதி உள்ளே அனுப்ப வேண்டும். அவர்கள் வெளியே வந்ததும் மாத்திரை எப்போது, ஊசி எப்போது என்று எழுதிக் கொடுக்க வேண்டும். இதுதான் என் சோலி. ப்ளஸ் ஒன்னோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள் நான். கெமிஸ்ட்ரி வேண்டாமென்று ஓடி வந்தேன். வந்து விழுந்த இடத்தில் காலையிலிருந்து சாயங்காலம் வரை மாவுச்சத்து, கொழுப்பு, இன்சுலின்.

எனக்குப் பொறுமை கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் குறை சொல்லக் கூடாது. உங்கள் வீட்டிலும் ஒரு சுகர்காரர் இருப்பார். அடுப்படியில் அவர் டப்பா திறக்கிற சத்தம் உங்கள் காதுக்கு மட்டும் தனியாகக் கேட்கும். இல்லையென்றால் அந்த டப்பாவைத் திறக்கிறவர் நீங்களாகவே இருப்பீர்கள். எப்படியோ, நாம் ஒரே கட்சி. எங்கள் வீட்டு சுகர்காரர் எங்கப்பா. போடியிலிருந்து மலையேறி ஏலத்தோட்டங்களுக்கு வேலையாட்களைக் கொண்டுபோய் விடுகிற ஜீப் டிரைவர். கண்ணும் காலும் சரியாக இருந்தால்தான் அவருக்குப் பிழைப்பு. சுகர் கூடிப்போனால் கை வைப்பதும் அந்த இரண்டிலும்தான். அவரை எப்படியாவது இந்த மிஷினில் ஏற்றிவிட வேண்டும் என்றுதான் நான் இந்த வேலைக்கே வந்தேன். ஏற்றுவதற்கு எட்டு மாதம் ஆனது. அதற்குள் ஊரில் பாதிப் பேரை ஏற்றி இறக்கிவிட்டேன்.

சாக்கு எடை

எடை மிஷினில் ஏறுகிறவர்கள் எல்லோரும் முதலில் ஏதாவது ஒன்றைக் கழற்றுவார்கள். செருப்பு சரி. சிலர் சாவிக்கொத்து, செல்போன், மூக்குக் கண்ணாடி என்று வரிசையாக என் மடியில் வைப்பார்கள். ஒரு ஆள் மூச்சை முழுசாக வெளியே விட்டுவிட்டு ஏறினார். காற்றுக்கு எடை உண்டாம். ஒரு அம்மா தலையில் வைத்திருந்த மல்லிகைப்பூவை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு ஏறியது. நம்பரைப் பார்த்ததும் பூவைத் திரும்ப வாங்கி, கோபமாகச் சொருகிக்கொண்டு உள்ளே போனது.

ஏலக்காய்க் கடை வைத்திருக்கிற ஒரு முதலாளி இருக்கிறார். மாதத்துக்கு ஒரு தடவை வருவார். ஒவ்வொரு தடவையும் என் மிஷினில் எடை கூடத்தான் காட்டும், ஒவ்வொரு தடவையும் சண்டை. தன் கடைத் தராசில் காலையில் ஏறிப் பார்த்துவிட்டு வருவார். "அதுல எழுபத்தெட்டு, உன்னோடதுல எப்பிடி எண்பது?" என்பார். "மொதலாளி, காலையில அங்க ஏறுனீங்க, அப்புறம் சாப்பிட்டீங்க, இப்ப இங்க ஏறுறீங்க" என்று சொன்னேன். ஒத்துக்கொள்ளவில்லை. மிஷினைச் சுற்றி ஒரு நடை நடந்து, குனிந்து அடியில் பார்த்து, நிமிர்ந்து சொன்னார்: "எங்க கடையில சாக்கு எடையக் கழிச்சுட்டுத்தேன் கணக்கு சொல்லுவோம். நீ வேட்டி சட்டைக்கு எவ்வளவு கழிச்ச?"

தீ கூடிப்போன காய்

ராசிங்காபுரத்திலிருந்து ஒரு பெரியப்பா வந்தார். மேலே மலையில் ஏலத்தோட்டம் வைத்திருக்கிறார். நாலு மாதத்தில் ஒன்பது கிலோ குறைந்திருந்தார். கையில் இனிப்பு டப்பா இல்லாத குறைதான், அவ்வளவு சந்தோஷம். "நடக்கல, பட்டினி கிடக்கல, தானா எறங்குச்சு ஆத்தா" என்றார். பச்சை ஏலக்காய் அஞ்சு கிலோவை ஸ்டோரில் போட்டுத் தீ மூட்டிக் காய வைத்தால் ஒரு கிலோதான் தேறும், அந்த ஒரு கிலோவுக்குத்தான் மதிப்பு, தானும் இப்போதுதான் பக்குவத்துக்கு வந்திருப்பதாக விளக்கினார். விரலில் குத்தினேன். நம்பர் நானூறைத் தாண்டி நின்றது. ராத்திரி எத்தனை தடவை ஒண்ணுக்குப் போக எழுந்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். விரல் விட்டு எண்ண ஆரம்பித்தவர், அடுத்த கைக்குப் போனார்.

டாக்டரம்மா அவருக்குச் சொன்னதை அப்படியே சொல்கிறேன், நமக்கும் உதவும். சாப்பிட்ட சோறு சர்க்கரையாகி ரத்தத்துக்கு வந்துவிடுகிறது. ஆனால் அதை உடம்புக்குள் அனுப்ப இன்சுலின் வேண்டும். அது போதவில்லை என்றால் சர்க்கரை ரத்தத்திலேயே தேங்கி, மூத்திரத்தில் வெளியே போய்விடும். உடம்புக்குப் பசி. வேறு வழியில்லாமல் சேர்த்து வைத்த கொழுப்பைக் கரைக்கும், அதோடு சேர்த்துச் சதையையும் தின்னும். சாப்பிட்டுக்கொண்டே பட்டினி கிடப்பதற்குப் பெயர்தான் அந்த ஒன்பது கிலோ. பெரியப்பா ரொம்ப நேரம் தன் மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே வந்து சீட்டை வாங்கும்போது என்னிடம் மெதுவாகக் கேட்டார்: "அப்ப நான் பக்குவமாக் காயலையா ஆத்தா? ஸ்டோர்ல தீ கூடிப்போயி கருகுன காயா?"

மண்ணுக்கு அடியில்

பேச்சியம்மா அத்தை எங்கள் பக்கத்துத் தெரு. ஏலத்தோட்டத்தில் காய் எடுக்கிற வேலை. தினமும் எங்கப்பா ஜீப்பில்தான் மேலே போகும். முன் சீட்டு அதற்குத்தான், வேறு யாராவது உட்கார்ந்தால் அன்றைக்கு வண்டி கிளம்பாது. அதற்கும் சுகர். இரண்டு மாதமாகச் சோற்றைத் தொடவில்லை என்று குலதெய்வத்தின் மேல் சத்தியம் செய்தது. சத்தியம் உண்மைதான். நம்பர் மட்டும் இறங்கவில்லை, எடையும் இறங்கவில்லை.

"சரி அத்தை, சோத்துக்குப் பதிலா என்ன சாப்பிடுற?" என்று கேட்டேன். காலையில் வேக வைத்த கப்பக்கிழங்கு. மேலே எல்லோரும் மலையாளத்தாரைப் பார்த்துப் பழகிய மரவள்ளிக் கிழங்குதான், ஒரு தட்டு, கூடக் காந்தாரி மிளகாய்ச் சட்னி. மத்தியானம் கோதுமை தோசை, அஞ்சு. ராத்திரி கேப்பைக் களி, உருண்டை எவ்வளவு பெரிசு என்று இரண்டு கையையும் சேர்த்துக் காட்டியது. நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். அரிசியும் மாவுச்சத்து, கிழங்கும் மாவுச்சத்து, கோதுமையும் கேப்பையும் மாவுச்சத்து, வயிற்றுக்குள் போனால் எல்லாம் சர்க்கரை, கேப்பை என்றால் கொஞ்சம் மெதுவாக ஏறும், அவ்வளவுதான், அளவைக் குறைக்காமல் பெயரை மாற்றி என்ன லாபம் என்று ஒரே மூச்சில் கத்தினேன். கூடத்தில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அத்தை அசரவில்லை. "ஏன்டி கத்துற? கெழங்கு மண்ணுக்கு அடியில வெளையுது. சூரிய வெளிச்சமே படாம அதுல எப்பிடிடி இனிப்பு ஏறும்?"

பரோட்டாக் கடைக்காரர் செய்த பரிசோதனை

இது என் தப்பு. மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். தேவாரம் பக்கம் பரோட்டாக் கடை வைத்திருக்கிற அண்ணன் ஒருவர். காலையில் ஒரு ஊசி, ராத்திரி ஒரு ஊசி போடுகிறவர். ஒரு நாள், "பாப்பா, சால்னாவுல மெதக்குற எண்ணெய்ல சுகர் இருக்கா?" என்று கேட்டார். "எண்ணெய்ல ஏதுண்ணே சுகர்? கொழுப்பு வேற, மாவு வேற" என்று வாயை வைத்துக்கொண்டு இருக்காமல் சொல்லிவிட்டேன். அவ்வளவுதான். மனுஷன் பரோட்டாவை நிறுத்தினார், நல்ல விஷயம். அதற்குப் பதில் ஆட்டுக்கறிக் கொழுப்பு, முட்டைப் பொரியல், தேங்காயெண்ணெயில் வறுத்த நேந்திரங்காய் என்று இறங்கிவிட்டார். நேந்திரங்காயில் மாவு இருப்பது அவருக்கு ஞாபகம் வரவில்லை.

மூன்று மாதத்தில் ஏழு கிலோ ஏறி வந்து நின்றார். டாக்டரம்மா என்னையும் உள்ளே கூப்பிட்டுச் சேர்த்துத் திட்டினார்கள். கொழுப்பு சாப்பிட்ட உடனே சுகரை ஏற்றாது, அதுவரை நான் சொன்னது சரி. ஆனால் ஒரு கரண்டி மாவில் இருக்கிற சக்தியைப் போல இரண்டு மடங்குக்கு மேல் ஒரு கரண்டி எண்ணெயில் இருக்கிறது. மிஞ்சினது வயிற்றைச் சுற்றித்தான் தங்கும். வயிறு பெருக்கப் பெருக்க இன்சுலின் சரியாக வேலை செய்யாது, அதனால் ஊசி அளவைக் கூட்டணும், கூட்டினால் எடை இன்னும் கூடும். அதோடு, எண்ணெயில் ஊறிய சாப்பாடு மெதுவாகச் செரிப்பதால் சுகர் உடனே ஏறாமல் ராத்திரி பூராவும் ஏறிக்கொண்டே இருக்கும். பாதி உண்மையைச் சொன்னதற்கு எனக்கு அரை மணி நேரப் பாட்டு. வெளியே வந்ததும் அண்ணன் என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். அவர் பெருமூச்சு விட்டுச் சொன்னார்: "ஒண்ண எறக்குனா ஒண்ணு ஏறுது. நம்ம ஒடம்புல என்னமோ ஒண்ணு ஏறிக்கிட்டேதேன் இருக்கணும் போல பாப்பா."

முன் சீட்டில் இடம்

கடைசியில் அப்பா வந்தார். வந்தார் என்று சொல்வது மரியாதைக்கு. பெல்ட்டில் ஆணி வைத்துப் புதிதாக மூன்றாவது ஓட்டை போட்டதை நான் பார்த்துவிட்டேன். ஜீப் சாவியை எடுத்து ஒளித்து வைத்துக்கொண்டு, "மிஷின்ல ஏறுனா சாவி" என்றேன். ஏறினார். எழுபத்திரண்டு இருந்த ஆள் அறுபத்தொன்று. ஊரெல்லாம், "அண்ணே, எளந்தாரி மாதிரி ஆயிட்டீங்க" என்று சொல்லிச் சொல்லி அவரைக் கெடுத்து வைத்திருந்தது. மாத்திரை இனி போதாது, இன்சுலின் போடணும், இல்லையென்றால் முதலில் கண்ணுக்குப் பின்னாடி ரத்தக்குழாய் கெடும் என்று டாக்டரம்மா சொன்னார்கள். கண் என்றதும் அப்பா நிமிர்ந்தார். ஆனாலும், "ஊசி போட்டவய்ங்க பூராம் ஊதிப் போறாய்ங்களேம்மா" என்றார். அவருடைய ஸ்டாண்டில் ஒரு டிரைவர் ஊசி ஆரம்பித்து, ஸ்டியரிங் வயிற்றில் இடிக்கிற அளவுக்கு ஆகிவிட்டாராம்.

டாக்டரம்மா இல்லையென்று சொல்லவில்லை. எடை கொஞ்சம் ஏறும்தான் என்று ஒத்துக்கொண்டார்கள். வீட்டுக்குப் போகும் வழியில் அவருடைய பாஷையில் நான் சொன்னேன். "அப்பா, மலை உச்சியில மெட்டுல செக்போஸ்ட்டு இருக்குல்ல? கம்பத் தூக்குற ஆளு இல்லைன்னு வச்சுக்க. அரிசி லாரி பூராம் கீழ வரிசையா நிக்கும். நின்னு நின்னு திரும்பிப் போயிரும். மேல தோட்டத்துல இருக்கவங்க பசியில வெத நெல்லயும் எடுத்துத் திம்பாங்க. அந்தக் கம்பத் தூக்குற ஆளுதான் இன்சுலின். அவன் வந்துட்டா அரிசி மேல ஏறத்தான செய்யும்? ஏறுற எடை ஊசியோட எடை இல்ல. ஒழுகிப் போன உன்னோட எடை திரும்பி வருது. அதுக்கு மேல ஏறுனா, அது உன் வாயால ஏறுறது." அப்பா கியர் மாற்றினார். அப்புறம் சொன்னார்: "அதெல்லாம் சரித்தா. முன்னாடி என்னோட ரெண்டு பேரு உக்காரணும். நான் பெருத்துட்டா பேச்சியம்மாவ எங்க தூக்கி வைக்கிறது?"

மிட்டாய்க் காகிதம்

ஊசி ஆரம்பித்தாயிற்று. காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று. நான்தான் சீட்டு எழுதிக் கொடுத்தேன். கொட்டை எழுத்தில், "சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்." இரண்டு மாதத்தில் அறுபத்தாறுக்கு வந்துவிட்டார். ஐந்து கிலோ. முகத்தில் களை வந்தது. பெல்ட் ஒரு ஓட்டை தளர்ந்தது. ஜீப்பில் வருகிற பொம்பளைகள் சும்மா விடுவார்களா? "என்னண்ணே, மச்சினன் வீட்டு விருந்தா?" "டயருக்குக் காத்தடிக்கும்போது நீங்களும் சேத்து அடிச்சுக்கிட்டீகளா?" அப்பா சிரித்துவிட்டு ஓட்டுவார். சிரிப்பு மட்டும் நாளுக்கு நாள் சின்னதாகிக்கொண்டே வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜீப்பைக் கழுவும்போது சீட்டுக்கு அடியிலிருந்து கடலைமிட்டாய்க் காகிதங்கள் வந்தன. ஒன்றிரண்டு இல்லை. ஒரு கை நிறைய. எனக்கு எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும், நீங்களும் தலையணைக்கு அடியில் எடுத்திருப்பீர்கள். காகிதத்தை அவர் முன்னால் கொட்டினேன். "அஞ்சு கிலோ எங்கிருந்து வந்துச்சுன்னு இப்பத்தான தெரியுது. ஊர்ல இருக்கவங்களுக்கெல்லாம் நான் புத்தி சொல்றேன், வீட்டுல ஒரு திருடன வளக்குறேன்" என்று கத்தினேன். திருடன் என்று சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிவிட்டேன். அவர் காகிதங்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு சொன்னது இவ்வளவுதான்: "ஆஸ்பத்திரியில நர்சா இரு ஆத்தா. வீட்டுல போலீசா இருக்காத."

கறிவேப்பிலைச் செடி

அடுத்த மாதம் எடை அறுபத்திரண்டு. நாலு கிலோ குறைவு. வெறும் வயிற்று சுகர் நன்றாகவே இருந்தது. சாப்பிட்ட பிறகு பார்க்கலாம் என்றால், "வெரசாப் போகணும், லோடு இருக்கு" என்று நழுவிவிட்டார். காகிதம் பிடிபட்டதால் திருந்திவிட்டார் என்று நானும் முட்டாள் மாதிரி சந்தோஷப்பட்டேன். டாக்டரம்மா புருவத்தைத் தூக்கி, மூன்று மாத சராசரி பார்க்கிற பரிசோதனைக்கு ரத்தம் எடுக்கச் சொன்னார்கள். ரிசல்ட் வந்தது. இறங்கியிருக்க வேண்டிய நம்பர் அசையவே இல்லை. நம்பர் இறங்காமல் எடை மட்டும் இறங்கினால் உடம்பில் இன்சுலின் போதவில்லை என்று அர்த்தம், ராசிங்காபுரத்துப் பெரியப்பாவுக்கு டாக்டரம்மா எடுத்த பாடத்தைக் கேட்டவள் நான்.

மறுநாள் விடியற்காலை நாலரை மணிக்கு எழுந்து கதவு இடுக்கில் பார்த்தேன். அப்பா ஃபிரிட்ஜிலிருந்து மருந்தை எடுத்தார். சிரிஞ்சில் அளவு பிசகாமல் ஏற்றினார். குழாயடிக்குப் போனார். கறிவேப்பிலைச் செடிக்கு முன்னால் குத்த வைத்து உட்கார்ந்து, ஊசியை மண்ணில் குத்தி, மருந்தை நிதானமாக இறக்கினார். பாட்டிலில் மருந்து குறையணும், நான் பார்ப்பேன் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. ராத்திரி ஊசியை மட்டும் தன் உடம்பில் போட்டுக்கொண்டிருக்கிறார், அதனால்தான் காலையில் வெறும் வயிற்று நம்பர் யோக்கியமாக இருந்திருக்கிறது.

நான் போட்ட சத்தத்தில் தெரு நாய்கள் எழுந்தன. "கண்ணு போனா வண்டி ஓட்டுவியா? செடிக்கு எடை ஏறட்டும்னு ஊத்துறியா?" என்று என்னென்னமோ சொன்னேன். அழுதும்விட்டேன். அப்பா செடியையே பார்த்துக்கொண்டிருந்தார். முன் சீட்டு பிடிக்க முதல் ஆளாக வந்த பேச்சியம்மா அத்தை, கையில் தூக்குச்சட்டியோடு வாசலிலிருந்து உள்ளே வந்தது. என்னை ஒரு கையால் ஓரமாகத் தள்ளியது. "அவரத் திட்டாதடி. போன மாசம் வளைவுல வண்டிய ஓரங்கட்டிட்டு ஸ்டியரிங்குல தலையச் சாச்சுட்டாரு. சட்டையெல்லாம் தொப்பலா நனைஞ்சு, கை வெடவெடன்னு ஆடுது. நாந்தேன் மிட்டாயக் கடிச்சு ஒடச்சு வாயில போட்டேன். எந்திரிச்சதும் என்ன சொன்னாரு தெரியுமா? 'எனக்குக் கண்ணு போனா நான் ஒருத்தன். இந்த வளைவுல கை நழுவுனா பன்னெண்டு வீட்டுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்'னாரு."

ஊசி கீழே, சாப்பாடு மேலே

அன்றைக்கு ஜீப் போகவில்லை. ஆஸ்பத்திரி திறந்ததும் மூன்று பேரும் உள்ளே போனோம், அத்தையும்தான், கூப்பிடாமலே வந்தது. டாக்டரம்மா திட்டவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார்கள்: "ஊசி எத்தனை மணிக்கு, சாப்பாடு எத்தனை மணிக்கு?" ஊசி நாலரை மணிக்கு வீட்டில். சாப்பாடு, ஆட்களையெல்லாம் தோட்டத்தில் இறக்கிவிட்டு, ஏழரை மணிக்கு, அம்மா கட்டிக் கொடுத்த இட்லி. இந்தப் பக்கம் மலை ஓட்டுகிற டிரைவர்கள் எல்லோரும் அப்படித்தான். வெறும் வயிற்றோடுதான் ஏறுவார்கள். சாப்பிட்டுவிட்டு ஏறினால் வளைவில் கண் சொருகும் என்பார்கள். "சாப்பாட்டுக்கு முன்னாடிதானே போடச் சொன்னேன்?" என்றார்கள் டாக்டரம்மா. "முன்னாடிதேம்மா போடுறேன்" என்றார் அப்பா. மூன்று மணி நேரம் முன்னாடி. சாப்பாடு வரும் என்று நம்பி மருந்து சர்க்கரையை இறக்கிக்கொண்டே போகும், சாப்பாடோ தூக்குச்சட்டியில் அவர் காலுக்குப் பக்கத்தில் பயணம் செய்துகொண்டிருக்கும். சீட்டில் என் கொட்டை எழுத்து என்னைப் பார்த்துச் சிரித்தது. ஊரில் அத்தனை பேரிடமும் என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்டவள், சொந்த அப்பாவிடம் எப்போது சாப்பிடுகிறாய் என்று கேட்கவில்லை.

ஏறிய ஐந்து கிலோவுக்கும் கணக்கு கிடைத்தது. முக்கால்வாசி, ஒழுகிப் போன அவர் சொந்த எடை. மிச்சம், சுகர் இறங்கும்போதெல்லாம் பயத்தில் அள்ளிப் போட்டுக்கொண்ட கடலைமிட்டாய். அதற்குப் பிறகு இட்லியும் தனியாக. கடலைமிட்டாயில் இருக்கிற கொழுப்பினால் சர்க்கரை ஏற நேரமாகும், அதனால் கை நடுக்கம் நிற்கிறவரை இன்னொன்று, இன்னொன்று. அந்த மாதிரி நேரத்தில் வெறும் சர்க்கரையோ குளுக்கோஸோதான் வாயில் போடணும், போட்டுவிட்டு வண்டியை நிறுத்தியே வைக்கணும் என்றார்கள். ஊசி வகையை மாற்றி, அளவைக் குறைத்து, நேரத்தை மாற்றினார்கள். நம்பர் ஒரு நிலைக்கு வரும்வரை வண்டி எடுக்கக் கூடாது. வந்த பிறகும், ஸ்டியரிங்கில் கை வைப்பதற்கு முன்னால் விரலில் குத்திப் பார்க்கணும், சாப்பிடணும். அப்பா வாசல்வரை வந்துவிட்டுத் திரும்பிப் போனார். டாக்டரம்மாவிடம் சின்னப் பையன் மாதிரிக் கேட்டார்: "இட்லி தின்னுட்டு ஏறுனா தூக்கம் வருமேம்மா?" அவர்கள் சீட்டு எழுதிக்கொண்டே சொன்னார்கள்: "தின்னாம ஏறுனப்பத்தான உங்களுக்கு மயக்கம் வந்துச்சு?"

வண்டி கிளம்புகிற நேரம்

இப்போது எங்கள் தெருமுனையில் காலையில் நடப்பதை நீங்கள் பார்க்க வேண்டும். தார்ப்பாய் கட்டிய ஜீப். கம்பளி போர்த்திய பன்னிரண்டு பொம்பளைகள். யாரும் ஏற மாட்டார்கள். அப்பா வண்டி ஓரத்தில் நின்று விரலில் குத்துவார். பேச்சியம்மா அத்தை எட்டிப் பார்த்து, பஸ் நம்பர் படிக்கிற மாதிரி சத்தமாகப் படிக்கும். நம்பர் சரியாக இருந்தால் ஊசி. பிறகு பானெட்டின் மேல் தட்டை வைத்து அப்பா நாலு இட்லியைச் சாம்பாரோடு தின்று முடிப்பார், பன்னிரண்டு பேரும் சுற்றி நின்று பார்ப்பார்கள். ஆரம்பத்தில் கூச்சப்பட்டார். இப்போது, "சட்னி இல்லையா?" என்று கேட்கிற அளவுக்கு வந்துவிட்டார். வண்டி முன்னைவிட இருபது நிமிஷம் தாமதமாகக் கிளம்புகிறது. தோட்டத்துக் கங்காணி கேட்டதற்கு அத்தையே பதில் சொல்லிவிட்டதாம். என்ன பதில் என்று எழுத முடியாது.

திருடன் என்று சொன்னதற்கு அப்பாவிடம் மன்னிப்புக் கேட்கணும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். எனக்கு அது வராது. ஒரு நாள் குளுக்கோஸ் டப்பா வாங்கி டாஷ்போர்டில் வைத்து, பழைய காகிதம் ஒன்று கிடந்ததை எடுத்து வெளியே போட்டேன். அவர் பார்த்தார். என் தலையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனார். முடிந்தது.

போன வாரம் மூன்று மாத நம்பர் வந்தது, நன்றாக இறங்கியிருந்தது. எடை மறுபடி அறுபத்தாறு. மிட்டாய் இல்லாமலே அறுபத்தாறு. என் பழைய புத்தி போகுமா? தெருமுனையில் எல்லோர் முன்னாலும், "அப்பா, அந்த அஞ்சு கிலோ திரும்ப வந்துருச்சு, இதுக்கு மேல ஏறாமப் பாத்துக்க" என்றேன். முன் சீட்டிலிருந்து அத்தை தலையை வெளியே நீட்டியது. "நாங்க பன்னெண்டு பேரு, எங்க சட்டி, எங்க மூட்டை, எல்லாத்தையும் இந்த ஜீப்பு தெனம் மல ஏத்துது. உங்கப்பன் ஒடம்புல ஒட்டுன அஞ்சு கிலோவுக்கு நீ ஏன்டி மூச்சு வாங்குற? தள்ளு, வண்டி போகட்டும்."

ஆக, எடை பார்க்கிற இந்த ஸ்டூலில் உட்கார்ந்து நான் தெரிந்துகொண்டது: சுகர்காரர் இளைத்தால் கை தட்டாதீர்கள், பெருத்தால் மிட்டாய்க் காகிதம் தேடாதீர்கள், எத்தனை மணிக்குச் சாப்பிட்டாய் என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, அதற்குப் பிறகு உங்கள் இஷ்டம் போல் கத்துங்கள்.